இருபத்து மூன்றாவது வாக்கியம்

மொழியியல் துறையின் நீண்ட தாழ்வாரத்தில் ஓர் இரும்பு பீரோ நின்றது. சுவரோரமாக இல்லை, வழிக்குக் குறுக்காக. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் இடம். கொஞ்சம் சதைப்பிடிப்பானவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

பீரோவுக்கு இந்தப் பக்கம் மரத்தார். அந்தப் பக்கம் டேப்பார். இருவரும் பேராசிரியர்கள். இந்தப் பெயர்களை வைத்தவர் பியூன் அண்ணன். முதலாமவர் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் கிளை கிளையாகப் பிரித்துத் தலைகீழ் மரமாக வரைந்துவிடுவார். இரண்டாமவர் யார் வாயைத் திறந்தாலும் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிடுவார். மரத்தாரின் சொந்தத் தங்கையைத்தான் டேப்பார் கட்டியிருந்தார். அப்படியும் பதினேழு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

பீரோவுக்கு நேர் எதிரே, இரண்டு பக்கமும் கதவு வைத்த ஓர் அறை. அது டைப்பிஸ்ட் அம்மாவுடையது. இந்தக் கதை அவருடையது.

முப்பத்து நான்கு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து தட்டியவர் அவர். தன் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் வருடம் சொல்ல மாட்டார். "நான் வேலைக்குச் சேர்ந்தது பட்டியல் காலத்துல. கல்யாணம் மரக் காலத்துல. பொண்ணு பொறந்தது பொருள் சண்டை நடந்தப்ப. எனக்கு மூட்டு வலி வந்தது எண்ணிக்கைக் காலத்துல" என்பார்.

கேட்கிறவர்கள் திருதிருவென்று விழித்தால் விளக்கமும் சொல்வார். முதலில் இருந்த பெரியவர்கள், மனிதர்கள் வாயில் வந்ததைக் கேட்டு எழுதி, ஒலி ஒலியாக வெட்டி, பட்டியல் போட்டார்கள். மனதுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே பாவம் அவர்களுக்கு. பிறகு மரக்காரர்கள் வந்தார்கள். குழந்தை காதில் விழுவது அரையும் குறையுமான பேச்சு. ஆனாலும் நாலு வயதுக்குள் யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சொல்கிறதே, அப்படியானால் மனதில் பிறக்கும்போதே ஒரு சட்டகம் இருக்க வேண்டாமா என்றார்கள். அப்புறம் மரக்காரர்களுக்குள்ளேயே அடிதடி: வாக்கியத்துக்கு அடித்தளம் அமைப்பா, பொருளா? அதில் உயிர் நண்பர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. ஜனங்கள் எதை எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று எண்ணினால் போதும், மொழி பழகப் பழக வருவது, பிறவியிலேயே சட்டகமும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஒரு கட்சி மார்தட்டியது.

"எல்லாக் கட்சிக்கும் டைப் அடிச்சுட்டேன்" என்பார் அம்மா. "எல்லாருமே எதிராளி முட்டாள்னு முதல் பக்கத்துலயே நிரூபிச்சுடுவாங்க. மீதி நூறு பக்கம் எதுக்குன்னுதான் எனக்குப் புரியல."

ஆனால் அவர் வெறும் டைப்பிஸ்ட் இல்லை. இரண்டு பேருக்கும் அவர்தான் உரைகல்.

மரத்தார் தானே வாக்கியங்களை உண்டாக்கி, பட்டியலாக எழுதிக் கொண்டுவந்து நீட்டுவார். சரியாக இருந்தால் டிக், சொல்லவே முடியாது என்றால் பெருக்கல் குறி, சந்தேகம் என்றால் கேள்விக்குறி. இதுதான் ஏற்பாடு.

"சார், 'சிரித்த நாற்காலி அழுதது'ன்னு போட்டிருக்கீங்க. நாற்காலி எங்க சார் சிரிக்கும்?"

"அது சிரிக்கறதை விடுங்கம்மா. அப்படிச் சொல்ல முடியுமா, முடியாதா?"

"சொல்றதுக்கென்ன, வாய் இருக்கே. எங்க வீட்டுக்காரர் இதைவிட மோசமா எல்லாம் சொல்வார்."

"அப்ப டிக் போடுங்க."

டேப்பார் வழி வேறு. கதவிடுக்கில் டேப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்மா பியூன் அண்ணனோடு குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பொருமுவது, போனில் மகளை அதட்டுவது, தன்னந்தனியாக முணுமுணுப்பது, எல்லாம் அதில் ஏறும். அம்மாவுக்கும் தெரியும், சம்மதம் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அம்மா, போன வாரம் நீங்க 'வந்து'ங்கற சொல்லை நூத்து நாப்பது தடவை சொல்லியிருக்கீங்க."

"அதை எண்ணின நேரத்துல ஒரு தடவை 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கலாமே சார்."

அதையும் டேப் பதிவு செய்துகொண்டது.

பதினேழு வருடத்துக்கு முன்பு வரை மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம். தங்கை இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சாப்பாடு கட்டி அனுப்புவாள். அந்தக் குடும்பத்தில்தான் ஒரு நாள் இடி விழுந்தது.

மரத்தார் ஒரு புதிய விதியைக் கண்டுபிடித்திருந்தார். வாக்கியத்துக்குள் வாக்கியம், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒற்றைப்படை அடுக்கு என்றால் மனம் ஏற்கிறது, இரட்டைப்படை என்றால் தள்ளிவிடுகிறது! மனித மனத்தின் ஆழத்தில் ஒளிந்திருந்த தாளம்! அதைப் புத்தகமாகப் போட்டு, முன்னுரையில் 'தவறாத காது கொண்ட எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு' என்று அச்சிட்டார். அம்மா அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டினார். படிப்பு பாதியில் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பட்டம் ஏது!

கருத்தரங்க அறையில் டேப்பார் எழுந்தார். "என்கிட்ட எண்ணூறு மணி நேரப் பேச்சு இருக்கு. இப்படி ஒரு தாளமும் அதுல இல்ல. அம்மா போட்ட டிக்கை நம்பி மாளிகை கட்டாதீங்க மச்சான்."

"அப்ப அம்மா பொய் சொல்றாங்களா?"

"பொய் இல்ல, யோசிச்சு யோசிச்சுக் குழம்பியிருப்பாங்க."

"குழப்பம் அங்க இல்ல மாப்ளே, உன் காதுல. எண்ணத் தெரிஞ்சவனெல்லாம் ஆராய்ச்சியாளனா? ஒரு மளிகைக்கடைக் கணக்கனுக்கு என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துட்டேன்!"

டேப்பார் தன் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த வாரம் பீரோ குறுக்கே வந்தது. யார் நகர்த்தியது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நடுவில் நசுங்கியவள் தங்கை. அண்ணன் வீட்டுக்குப் போனால் புருஷன் வாய் திறக்க மாட்டார். புருஷன் பேச்சை எடுத்தால் அண்ணன் கும்பிடு போட்டுவிடுவார். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வியாழனும் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் டைப்பிஸ்ட் அம்மாவின் அறையில் வந்து உட்காருவாள். பகல் ஒரு மணிக்கு மரத்தார் நூலகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்துக் கதவு இடுக்கு வழியாக ஒரு நிமிடம் பார்ப்பாள். ஒரே ஒரு நிமிடம்.

"இளைச்சுட்டார் இல்ல அக்கா?"

"போன வாரமும் இதையேதான் சொன்ன. நீ சொல்றபடி பார்த்தா இந்நேரம் உங்க அண்ணன் காத்துல பறந்திருக்கணும்."

சிரிப்பாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பதினேழு வருட வியாழக்கிழமைகள்!

இனி நம் அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த முள்ளைச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறுகிற வாரம் அது. திங்களன்று மேஜை இழுப்பறைகளைக் காலி செய்தபோது, அடியில் ஒரு பழுப்புத் தாள் கிடைத்தது. அறுபது வாக்கியங்கள். பக்கத்தில் அவர் கையால் போட்ட குறிகள். புத்தகத்துக்கு ஆதாரமே, டைப் அடிக்க அவரிடமே திரும்பி வந்த இந்தத் தாள்தான். முதல் இருபத்து இரண்டு வாக்கியங்களின் பக்கத்தில் அடித்தல், திருத்தல், கேள்விக்குறி எல்லாம் இருந்தன. இருபத்து மூன்றிலிருந்து டிக், பெருக்கல், டிக், பெருக்கல். அறுபது வரை ஒழுங்காக, அழகாக.

அம்மாவுக்கு அந்த நாள் மறக்கவில்லை. மகளுக்கு எட்டு வயது. பள்ளி நாடகத்தில் மரம் வேஷம். வசனம் கிடையாது, கையை விரித்து நின்றால் போதும். ஆனால் "நீ வந்தாத்தான் நான் மரமா நிப்பேன், இல்லன்னா உட்கார்ந்துடுவேன்" என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். நாடகம் நாலு மணிக்கு. மரத்தார் தாளை நீட்டியது மூன்று இருபதுக்கு. "இன்னைக்கே வேணும்மா." இருபத்து இரண்டு வாக்கியம் படிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் டிக் போட்டால் சந்தேகப்படுவாரே என்று, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டுவிட்டு ஓடினார். தாளில் வாக்கியங்களும் ஒற்றைப்படை அடுக்கு, இரட்டைப்படை அடுக்கு என்று மாறி மாறி வந்ததை அவர் கவனிக்கவில்லை.

மனித மனத்தின் தாளம் என்று மரத்தார் கண்டது, ஒரு தாயின் அவசரம்!

வேறு யாரிடமும் அவர் கேட்டுப் பார்க்கவில்லையா? கேட்டார். மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்து, அவர் எதிர்பார்த்ததையே போட்டுக் கொடுத்தார்கள். மாற்றிப் போட்ட பியூன் அண்ணனை 'பேச்சுப் பழக்கம் கெட்டவர்' என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். பியூன் அண்ணன் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

சண்டை வெடித்த அன்றே சொல்லியிருக்கலாம். அன்று வேலை போய்விடும் என்ற பயம். போதாததற்கு, சட்டம் போட்ட பக்கம் ஏற்கெனவே சுவரில் ஏறியிருந்தது. பிறகு, நாள் கடந்துவிட்டதே என்ற வெட்கம். இப்படியே பதினேழு வருடம்.

அன்று மாலை புருஷனிடம் கொட்டிவிட்டார். அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு வேளை, மூன்று வேளை என்றுதான் யோசிப்பார்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது. வெள்ளிக்கிழமை மாலை போடுவாங்க. வீட்டுக்கு வந்துடுவேன்."

"சொன்னா?"

"மரத்தார் சாரோட புத்தகம் போச்சு. என் பேரு போச்சு. அதோ அந்தச் சட்டத்தைக் கழட்டணும்."

புருஷன் சுவரைப் பார்த்தார். "கழட்டினா அங்க ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். நான் வேணும்னா காலண்டர் மாட்டிடறேன்."

"விளையாடாதீங்க. எனக்கு உயிர் போகுது."

"நான் ஒண்ணும் விளையாடல. காலண்டர் இருக்குன்னுதான் சொன்னேன்."

அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். ஆனாலும் அது ஒரு பதில்தான் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

இருந்தும் மனம் துணியவில்லை. வியாழக்கிழமை தங்கை வந்தாள். அறையின் மூலையில் நான்கு பெரிய அட்டைப்பெட்டிகள் இருந்தன.

"இது என்ன அக்கா?"

"அடுத்த வாரம் இந்த ரூம்ல கம்ப்யூட்டர் பெட்டிங்களை வைக்கப் போறாங்களாம். ரெண்டு கதவையும் அடைச்சு ஏசி போடுவாங்க."

ஒரு மணி ஆயிற்று. கதவிடுக்கில் மரத்தார் கடந்து போனார். அவள் வழக்கம்போல 'இளைச்சுட்டார்' என்று சொல்லவில்லை. அடைக்கப்போகிற அந்தக் கதவின் விளிம்பைக் கையால் தடவினாள்.

"அப்ப, இதுதான் கடைசி வியாழக்கிழமையா அக்கா?"

அந்தக் கேள்வி அம்மாவின் மார்பில் ஆணியாக இறங்கியது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கும் வா. மூணு மணிக்குக் கருத்தரங்க அறைக்கு வா. பின்னால உட்காரு."

"நான் எதுக்கு அங்க? ரெண்டு பேரும் இருப்பாங்களே."

"அதுக்குத்தான்!"

வெள்ளிக்கிழமை. மேடையின் ஒரு கோடியில் மரத்தார், மறு கோடியில் டேப்பார். நடுவில் மாலையோடு அம்மா. அந்தப் பீரோவுக்குப் பதிலாகத் தன்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மரத்தார் எழுந்து, "இவங்க காது ஒரு தடவைகூடத் தவறினதில்ல" என்று பேசினார். கைதட்டல். டேப்பார் எழுந்து, "இவங்க பேச்சு இல்லன்னா என் ஆராய்ச்சியே இல்ல" என்றார். கைதட்டல். பியூன் அண்ணன் மட்டும், "என் காது மட்டும் என்னவாம்?" என்று பின்வரிசையில் முனகினார்.

அம்மா எழுந்தார். கைப்பையிலிருந்து பழுப்புத் தாளை எடுத்தார். பின்வரிசையில் தங்கையின் முகம் தெரிந்தது.

"சார், என் காது தவறல. நான் காதையே கொடுக்கல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். மூன்று இருபது, மரம் வேஷம், இருபத்து மூன்றாவது வாக்கியம், டிக், பெருக்கல். "முப்பத்தெட்டு வாக்கியத்தை நான் படிக்கவே இல்ல சார். தப்பு என் மேல. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சவ நான்தான்."

மரத்தார் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"இல்ல. எங்களைச் சேர்த்து வைக்கறதுக்காக நீங்க கதை சொல்றீங்கம்மா. உங்க மனசு எனக்குத் தெரியும். இதுக்கு ஆதாரம் இல்ல."

"இருக்கு மச்சான்."

மேடையின் மறு கோடியிலிருந்து வந்த குரல்! பதினேழு வருடத்தில் முதல் முறையாக 'மச்சான்'!

டேப்பார் எழுந்திருந்தார். "அன்னைக்கும் கதவிடுக்குல டேப் ஓடிச்சு. என் டேப்புகளைக் கேட்டு எழுதற வேலை எப்பவும் ஆறு வருஷம் பின்தங்கி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால அந்த டேப்புக்கு வந்தேன். அம்மா வாய்விட்டே முணுமுணுக்கறாங்க. 'டிக்கு, தப்பு, டிக்கு, தப்பு, ஐயோ மணி நாலாகப் போகுதே, டிக்கு, தப்பு.' முப்பத்தெட்டு. எண்ணினேன்."

மரத்தாருக்கு நாற்காலி தேவைப்பட்டது. "பதினொரு வருஷமா? கையில வச்சிருந்தியா? அதுக்கப்புறம் நீ எழுதின எல்லாக் கட்டுரையிலயும், என் விதியை மறுக்க நேரடி ஆதாரம் இல்லன்னு நீயே எழுதியிருக்கியே!"

"என் வாழ்க்கையில நான் மறைச்ச தரவு அது ஒண்ணுதான்."

"ஏன்டா? நீ ஜெயிச்சிருப்பியே!"

டேப்பார் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு, அந்த நீண்ட மேடையைக் கடந்து வந்து, மச்சான் கையில் கொடுத்தார்.

"அந்தப் புத்தகம் போனா நீங்க உடைஞ்சுருவீங்க. நீங்க உடைஞ்சா உங்க தங்கச்சி தாங்க மாட்டா. எனக்கு ஜெயிக்க ஆசை இருந்துச்சு. உங்களை ஜெயிக்க ஆசை இல்ல."

பின்வரிசையில் ஒரு விம்மல். தங்கை அழுதாள். பியூன் அண்ணன் அழுதார். ஏன் என்று தெரியாமலே முதலாமாண்டு மாணவிகள் நாலு பேர் அழுதார்கள். அம்மா மாலையிலிருந்த ரோஜா இதழ் உதிர உதிர அழுதார்.

மரத்தார் தண்ணீரைக் குடித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும் மாப்ளே, இதனால என் அடிப்படைக் கொள்கைக்கு ஒண்ணும் ஆகல. அம்மா அன்னைக்கு அவசரத்துல இருந்தாங்க. அவசரத்துல செய்யறது வேற, மனசுக்குள்ள இருக்கற அறிவு வேற. அதைத்தானே நான் முதல்லருந்து சொல்றேன்?"

டேப்பாரின் முகம் சிவந்தது. "அதெப்படி? உண்டாக்கின வாக்கியத்தை வச்சு ஆளைக் கேட்டா இப்படித்தான் ஆகும்னு நானும்தான் முதல்லருந்து சொல்றேன்! பேசறதைக் கேளுங்க, கேள்வி கேக்காதீங்கன்னு!"

"டேப்புல எதைச் சொல்ல முடியாதுன்னு எப்படிடா தெரியும்?"

"டிக்குல மட்டும் தெரிஞ்சுதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா!"

தங்கை மேடை ஏறிவிட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, அண்ணன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இளைக்கல. குண்டாத்தான் ஆயிருக்கே" என்றாள். "இதை வீட்டுல வந்து கத்துங்க. ரெண்டு பேரும். சாப்பிட்டுக்கிட்டே கத்துங்க."

பீரோவை அன்று மாலையே சுவரோரம் தள்ளினார்கள். முதலில் கை வைத்தவர் பியூன் அண்ணன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றினார். புருஷன் தயாராகக் காலண்டரோடு நின்றார். மகள் வேறு ஊரில் நர்ஸ், போனில் விவரம் கேட்டுவிட்டு, "ஏம்மா, நான் சும்மா நின்னதுக்காகவா இவ்வளவு கலாட்டா?" என்றாள்.

"சும்மா நிக்கல நீ. பாதியில மூக்கைச் சொறிஞ்ச" என்றார் அம்மா.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, வாசலில் அழைப்பு மணி. மரத்தார் கையில் ஒரு தாள். டேப்பார் கையில் டேப். பின்னால் தங்கை, இருவருக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பையோடு.

"அம்மா, அதே அறுபது வாக்கியம்" என்றார் மரத்தார், கொஞ்சம் கூச்சத்தோடு. "விதி போனது போகட்டும். மீதி முப்பத்தெட்டுக்கும் உண்மையான பதில் எனக்குத் தெரியணும். அதை வச்சுத்தான் புத்தகத்தைத் திருத்தணும்."

"நீங்க யோசிக்கறப்ப முணுமுணுக்கறதை நான் பதிவு பண்ணிக்கறேன்" என்றார் டேப்பார். "அதுலதான் உண்மை இருக்கும்."

"பார்த்தீங்களா அக்கா, கார்ல வர்றப்பவே ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் தங்கை. அந்தச் சலிப்பில்தான் எத்தனை சந்தோஷம்!

அம்மா மூவரையும் கூடத்தில் உட்காரவைத்தார். மரத்தார் சுவரை ஒரு தரம் பார்த்தார். காலண்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"இருபத்து ரெண்டு வரைக்கும் அன்னைக்கே படிச்சுட்டேன் சார். அது சரியாத்தான் இருக்கும்."

"அப்ப அடுத்ததுலருந்து. நிதானமாப் பாருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

"எனக்கும் இன்னைக்கு எங்கயும் போக வேண்டியதில்ல" என்றார் அம்மா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து, இருபத்து மூன்றாவது வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார்.

"'தம்பி தந்த பேனா எழுதின கடிதம் படிச்ச அக்கா சிரிச்சா.'"

இன்னொரு தடவை படித்தார். உதட்டைப் பிதுக்கினார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேராசிரியர்களும் மூச்சுவிடாமல் அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.